டிக்கியில் விரிக்க ஒரு படங்கு



1973ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டில் விசர் நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அந்தத் தொகை இன்று வருடத்துக்கு ஏறத்தாழ இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகப் போடப்படும் ஊசியும், நாய்களுக்கு வருடந்தோறும் போடப்படும் தடுப்பூசியுமே இதற்குக் காரணம். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவ முடியாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006இல் கைவிட்டுவிட்டது. ஆகவே ஊசியும் கருத்தடையும் மட்டுமே நம் கையில் மிஞ்சியிருக்கும் வழிகள்.

ஊசி இலவசம்தான். நாயை அந்த ஊசி வரைக்கும் கொண்டுபோவது யார்?

தலவாக்கலை டவுனில் இருப்பவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. மேல் டிவிஷன் லயத்தில் இருப்பவளுக்கு இதுதான் முழுக் கேள்வியும். நம் லயத்து நாய்கள் பிறந்தது முதல் கழுத்தில் கயிறு கண்டதில்லை. பிள்ளைக்குக் காவல், மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றிக் காவல் என்று சுதந்திரமாகத் திரிபவை. அதைக் கட்டி இழுத்துக்கொண்டு தேயிலை மலையில் மூன்று மைல் இறங்குவது நடக்கிற காரியமா? கருத்தடை என்றால் இன்னும் சிக்கல். மயக்கம் தெளியாத நாயைத் தோளில் போட்டுக்கொண்டா ஏறுவது? வாகனம் பிடித்தே ஆக வேண்டும். அங்கேதான் கேட்க வேண்டியிருக்கிறது:

"மிஸ், நீங்க வாங்க, பிள்ளைகள கூட்டிட்டு வாங்க. நாய மட்டும் ஏத்த மாட்டேன்."

இப்படிச் சொல்லும் தம்பிமாரை நான் குறை சொல்ல மாட்டேன். முச்சக்கர வண்டியாக இருந்தாலும் சின்னக் காராக இருந்தாலும் லீசிங்கில் எடுத்தது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். காலையில் நாயை ஏற்றிய வண்டியில் பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். ரெக்சின் மடிப்பில் முடி, கார்ப்பட்டில் மூத்திர வாடை, சீட்டுக்கு அடியில் உண்ணி என்று இருந்தால் அடுத்த ஹயர் போய்விடும். இதில் யாரும் பேசாத இன்னொரு விஷயமும் உண்டு. அந்த வண்டியைக் கழுவுவது பெரும்பாலும் வண்டிக்காரர் இல்லை, அவருடைய மனைவிதான். ஆறு நாள் கொழுந்து எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பீலியில் குந்தியிருந்து அடுத்த வீட்டு நாயின் முடியைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறவளும் ஒரு பெண்தானே? நாயை ஏற்றச் சொல்லிக் கேட்கிறவர்தான் வண்டியைக் காக்கும் வழியையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பெரிய செலவு இல்லை.

முதலில் நாயை எங்கே ஏற்றுவது என்று பார்ப்போம். பின்பக்கம் தனிப்பெட்டியாக மூடிக்கொள்ளும் டிக்கி உள்ள காரில் நாயை டிக்கிக்குள் போட்டு மூடவே கூடாது. காற்று வராது, புகை வரலாம். பின்கதவு மேலே திறக்கும் வகைக் கார்களில் டிக்கியும் சீட்டும் ஒரே அறை. அதில் ஏற்றலாம். வேனிலும் பின்பக்கம் வசதி. முச்சக்கர வண்டியில் பின் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடம்தான் ஏற்றது. தலவாக்கலை 1,200 மீற்றர் உயரத்தில் குளிராகத்தானே இருக்கிறது என்று நினைத்துப் பூட்டிய வாகனத்தில் நாயை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள். வெயில் அடித்தால் பத்து நிமிடத்திலேயே உள்ளே பத்துப் பாகை வரை சூடு ஏறிவிடும்.

இனி விரிப்பு. டவுன் கடைகளில் இதற்கென்று இறப்பர் தட்டும் மெட்டும் விற்கிறார்கள். வசதி உள்ளவர்கள் வாங்கலாம். நமக்குக் கொழுந்து மலையில் இடுப்பில் கட்டும் படங்கு தெரியும். கொழுந்துச் செடியின் ஈரத்தையும் குச்சி கீறுவதையும் தடுக்கும் பொருள், நாயின் நகத்தையும் தடுக்கும். பழைய படங்கு இரண்டு இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் கோதுமை மா வந்த பொலிசாக்கு மூன்றைப் பிரித்துத் தையுங்கள். உரச்சாக்கு மட்டும் வேண்டாம். எத்தனை தரம் அலசினாலும் தையலில் உரம் தங்கும், நாய் நக்கும். அதே காரணத்துக்காக, உரமோ புல்லுக்கு அடிக்கும் மருந்தோ ஏற்றிய டிக்கியாக இருந்தால், நாயை ஏற்றுமுன்னர் கழுவித்தான் ஆக வேண்டும். வண்டியை நாயிடமிருந்து காப்பது போல நாயை வண்டியிடமிருந்தும் காக்க வேண்டியிருக்கிறது.

தைக்கும்போது வெறும் பாயாகத் தைக்காதீர்கள். பாய் என்றால் மூத்திரம் ஓரத்தால் வழிந்து கார்ப்பட்டுக்கு அடியில் போய்விடும், பிறகு அந்த வாடையை எடுக்கவே முடியாது. நான்கு பக்கமும் அரை அடி எழும்பி நிற்கும்படி மூலைகளை மடித்துத் தைத்துத் தொட்டி மாதிரி ஆக்குங்கள். தையல் அடியில் வராமல் பக்கத்தில் வரட்டும், ஊசித் துளையால்தான் ஒழுகும். பின்கதவுப் பக்கம் மட்டும் இரண்டடி நீளம் கூடுதலாக விட்டால், அதை வெளியே பம்பரின் மேல் தொங்கவிடலாம். நாய் பாய்ந்து ஏறும்போது நகம் பட்டுப் பெயின்ட் கீறுவது அங்கேதான். மூலைக்கொரு நாடா வைத்துச் சீட்டின் தலைப்பகுதியில் கட்டிவிட்டால் நகராது.

இதன் மேலே பழைய பருத்திச் சேலையொன்றை நாலாக மடித்துப் போடுங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. பொலிசாக்கில் நாய்க்குக் கால் வழுக்கும். வழுக்கினால் பயப்படும், பயந்தால் மூத்திரம் போகும். நம் பாதைகளில் எத்தனை வளைவு! கம்பளியைப் போட வேண்டாம். முடி அதில் போய் ஒட்டிக்கொண்டால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

புறப்படும் முன்னர் செய்வது பின்னர் கழுவுவதில் பாதியைக் குறைக்கும். முதல் நாள் பின்னேரம் நாயின் முடியை வெளியில் வைத்து வாரிவிடுங்கள், உதிர வேண்டியது அங்கேயே உதிரட்டும். ஊசிக்கு என்றால் மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு முன்னரே சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி குறையும். சத்திரசிகிச்சைக்கு என்றால் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று மிருக வைத்தியரிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். ஏற்றும் முன்னர் கொஞ்சம் நடக்கவிட்டு மூத்திரம் போக வையுங்கள். காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி, அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் அட்டையோடு ஏற்றினால் வண்டி முழுக்க இரத்தப் புள்ளிதான். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், முடி பிடுங்கும் குறட்டால் இழுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

ஒரு நாயை மட்டும் எந்த விரிப்பு இருந்தாலும் ஏற்றக்கூடாது. காரணமில்லாமல் கண்டதையும் கடிப்பது, வாயிலிருந்து எச்சில் வடிவது, கீழ்த்தாடை தொங்குவது, குரைக்கும் குரல் மாறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை விசரின் அடையாளங்கள். அப்படிப்பட்டதைத் தொடாமல் பொது சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். அதன் எச்சில் காயத்தில் பட்டாலோ, அது கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கோப்பித்தூளும் மஞ்சளும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

வந்த பிறகு கழுவும் முறைக்கு வருவோம். விரிப்பை எடுத்தபின் கார்ப்பட்டில் முடி கிடந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் உள்ளே போகும். பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையைக் கொஞ்சம் ஈரமாக்கி ஒரே பக்கமாக இழுத்தால் முடி உருண்டையாகத் திரண்டு வரும். அந்த உருண்டையை லயத்துக் கானில் போட்டால் கான் அடைத்துக்கொள்ளும், குப்பையில் போடுங்கள். இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துவிடும். மூத்திரத்தைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து, காய்ந்ததும் அப்பச்சோடா தூவி இரவு முழுக்க விட்டுக் காலையில் கூட்டினால் வாடை பெரும்பாலும் போய்விடும். பிளீச் ஊற்றுவது சிலருக்குப் பழக்கம். மூத்திரத்தோடு பிளீச் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுப் புகை வரும். வினாகிரியோடு சேர்ந்தாலும் ஆபத்துத்தான். மூடிய வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கழுவுகிறவளுக்கே அந்தப் புகை முதலில் போகும். பூச்சி உருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம். அது நாய்க்கும் சின்னப் பிள்ளைக்கும் நஞ்சு.

சத்திரசிகிச்சை முடிந்து திரும்பும்போது விரிப்பில் புதுச் சேலைத்துணி போடுங்கள். போகும்போது போட்டது ஈரமாக இருக்கும், தையல் போட்ட வயிறு அதில் படக்கூடாது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு மூத்திரம் போவது தெரியாது, உடம்பும் குளிர்ந்துவிடும். மேலே ஒரு துண்டைப் போர்த்தி, தலை மடங்காமல் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு விரிப்பு தைக்க வேண்டியதில்லை. டிவிஷனுக்கு ஒன்றை மாதர் சங்கத்தில் வைத்து, வேண்டியவர் வாங்கிப்போய்க் கழுவித் திருப்பித் தரலாம். விரிப்பைக் கையில் காட்டிக் கேட்டால், ஏற்ற மாட்டேன் என்ற தம்பியும் ஒரு நிமிடம் யோசிப்பார். கழுவும் கூலி என்று நூறோ இருநூறோ ஹயரோடு சேர்த்துப் பேசிக்கொள்வதும், அதை அவர் மனைவியின் கையில் கொடுப்பதும் நல்லது. சங்கத்தில் இதைப் பேசும்போது சிலர் சிரிக்கக்கூடும். பிள்ளைக்கே வண்டி இல்லை, நாய்க்கு மெத்தையா என்பார்கள். கடிபடுவதும் அதே பிள்ளைதான் என்று சொல்லுங்கள்.

தைப்பதென்றால் ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாகத் தையுங்கள். தென்மேல் பருவ மழைக்காலத்தில் கழுவிப் போட்ட படங்கு நம் பக்கத்தில் காய இரண்டு நாளாவது எடுக்கும்.