செம்புக்கும் ஒரு ஸ்லாப் உண்டு!

முப்பது வயதில் முதல் நரைமுடி எட்டிப் பார்த்ததும் நம் ஆபீஸ் வாலிபன் மூன்று காரியம் செய்கிறான். அதைப் பிடுங்குகிறான். மானேஜரைத் திட்டுகிறான். மூன்றாவதாக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "தாமிர மாத்திரை இருக்கா அண்ணே?" என்கிறான். கள்ளக்குறிச்சியானாலும் கோடம்பாக்கமானாலும் இதே கதைதான்.

அவன் கேட்பதில் கால்வாசி நியாயம் இருக்கிறது. முடிக்குக் கறுப்பு தரும் மெலனினைத் தயாரிக்கிற என்ஸைமுக்குத் தாமிரம் இல்லாமல் வேலை ஓடாது. ரத்தம், நரம்பு, எலும்பு என்று மற்ற இலாகாக்களிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் குழம்புக்கு உப்பு வேண்டும் என்பதற்காக யாரும் படி உப்பைக் கொட்டுவதில்லையே! பற்றாக்குறை இல்லாத உடம்பில் தாமிரத்தைக் கொட்டினால் நரை கறுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இளநரை பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. மாத்திரையால் பத்திரத்தை மாற்றி எழுத முடியாது.

கணக்கைப் பார்ப்போம். இன்கம்டாக்ஸ் மாதிரி இதற்கும் ஸ்லாப் உண்டு. அமெரிக்கக் கணக்குப்படி பெரியவர்களுக்கு நாளைக்கு 0.9 மில்லிகிராம் போதும். உச்சவரம்பு 10. அதைத் தொடர்ந்து தாண்டினால் அபராதம் கட்டுவது ஈரல். குமட்டல், வயிற்றுவலி எல்லாம் முன்கூட்டியே வரும் நோட்டீஸ்.

இந்த 0.9-ஐச் சம்பாதிக்க மாத்திரை எதற்கு? கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் பாருங்கள். அங்கே வெள்ளி கிடைக்காது. ஆனால் கல்வராயன் மலையில் விளைகிற சாமையிலும் தினையிலும் தாமிரம் உண்டு. பருப்பு, எள், வேர்க்கடலையிலும் உண்டு. ஒரு கைப்பிடி முந்திரி, அதாவது 28 கிராம், சுமார் 0.6 மில்லிகிராம் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவல் என்றால் அன்றைக்கு உபரி பட்ஜெட்!

"சரி சார், செம்புக் குடத்துத் தண்ணீர்?"

நல்ல விஷயம்தான். 2012-ல் வெளியான ஒரு பெங்களூர் ஆய்வில், கிருமி கலந்த தண்ணீரை 16 மணி நேரம் செம்புப் பானையில் வைத்தார்கள். வயிற்றுப்போக்குக் கிருமிகள் காலி. தண்ணீரில் இறங்கிய தாமிரம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2 வரை அனுமதிக்கிறது.

வம்பு புளிப்பில் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து புளியும்தான் இறங்குகிறது. அதைப் போட்டுத் தேய்த்தால் செம்புக் குடம் பளபளக்கும். ஏன்? களிம்பை அது கரைக்கிறது. செம்பு பாட்டிலில் மோரும் எலுமிச்சை ஜூஸும் ஊற்றி ஆபீசுக்கு எடுத்துப் போகிறவர், அந்தக் கரைசலைத்தான் மதியம் குடிக்கிறார். அந்தக் காலத்தில் தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதோய்!" என்று ஓர் ஆள் குரல் கொடுத்து வந்தது அழகுக்காக இல்லை.

பாலும் லேசுப்பட்டதல்ல. தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் நம் நாட்டில் கைக்குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனது ஓர் ஈரல் நோய். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பால் காரணமாக இருக்கலாம் என்று 1983-ல் 'லான்செட்' இதழில் டாக்டர்கள் எழுதினார்கள். பூனா பக்கத்தில் பாத்திரத்தை மாற்றச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. எவர்சில்வர் வந்தது, நோய் அநேகமாக மறைந்துபோனது. வீட்டில் குழந்தை இருந்தால் பாலைச் செம்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வில்சன் நோய் என்று ஒன்று. பிறவியிலேயே தாமிரத்தை வெளியேற்றத் தெரியாத உடம்பு. அது ஈரலிலும் மூளையிலும் போய்த் தங்கும். பலருக்கு வாலிப வயதில்தான் தெரியவரும். இவர்களுக்குத் தாமிர மாத்திரை மருந்தல்ல, விஷம்.

அப்படியானால் மாத்திரை யாருக்கு? உடல் எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மாதக்கணக்கில் துத்தநாக மாத்திரை விழுங்கியவர்கள் போன்ற சிலருக்கு. ரத்தத்தில் அளவு பார்த்து, டாக்டர் எழுதித் தந்த பிறகு.

அந்தத் துத்தநாக விஷயம்தான் வேடிக்கை. முடி கொட்டுகிறது என்று ஜிங்க் மாத்திரையை அதிக டோஸில் போட்டுத் தள்ளினால், அது குடலிலேயே தாமிரத்தை மறித்துவிடும். ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். பிறகு அதற்குத் தாமிர மாத்திரை! ஒரு கடையில் ஆணி வாங்கி டயரில் குத்திவிட்டு, அடுத்த கடையில் பஞ்சர் ஒட்டுவானேன் தம்பி?