சென்னையை விடுங்கள், சார்ஜரைத் தேடுங்கள்

சிற்றலை வானொலி கேட்க ஆசைப்படும் மாணவர்களுக்கு எல்லாரும் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: நீளமான கம்பியை உயரத்தில் கட்டு. பண்டமாரானில் வரிசை வீட்டில் குடியிருக்கும் உங்களுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.6 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 31 மீட்டர். படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படிக்கும் சூத்திரம்தான். அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 15 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, அங்கிருந்து வானொலிக்கு இணைப்புக் கொடுத்தால் அது அரையலை ஏரியல். கம்பியின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும். இரு முனைகளின் திசையிலிருந்து வருவதை மிகக் குறைவாக வாங்கும். சென்னை நமக்கு மேற்கு வடமேற்கில், சுமார் 2,600 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆகவே கம்பி வடவடகிழக்கிலிருந்து தென்தென்மேற்காக ஓட வேண்டும். தாளில் எல்லாம் அழகுதான். ஆனால் இந்தத் திசைக்குணம் தெளிவாகத் தெரிய அதை ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டுமே! கூரை உயரத்தில் கட்டினால் அது பெரும்பாலும் நேர்மேலே பார்க்கும், திசை மங்கிவிடும். போதாததற்கு, கிள்ளானின் மாலை இடிமின்னலில் வெளியே தொங்கும் கம்பி ஆபத்தும்கூட.

என்னைக் கேட்டால், நிலையத்தை நோக்கித் திரும்புவதே தவறான குறி. தூரத்து ஒலிபரப்பு அயனி மண்டலத்தில் பட்டு, வானத்திலிருந்து சரிந்து இறங்குகிறது. உங்கள் வானொலியில் கேட்கும் "கொர்ர்" என்ற இரைச்சல் அப்படி வருவதில்லை. பக்கத்து அறையின் எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், அண்டை வீட்டுத் தொலைக்காட்சி என்று கிட்டத்திலிருந்து படுக்கைவாட்டில் வருகிறது. சந்தேகமிருந்தால் பெற்றோரிடம் கேட்டு, மின்சாரத்தை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, பேட்டரியில் வானொலியைப் போடுங்கள்.

இதற்கு ஏற்றது வளைய ஏரியல். ஒரு மீட்டர் விட்டத்தில் ஒரே சுற்றுச் செம்புக்கம்பி. அதன் இரு முனைகளுக்கும் இடையே பழைய வானொலியிலிருந்து எடுத்த, 365 பிக்கோஃபாரட் வரை போகும் மாறும் மின்தேக்கி. பெரிய வளையத்துக்குள் 20 செண்டிமீட்டர் விட்டத்தில் ஒரு குட்டி வளையம். வானொலிக்கு இணைப்பு அதிலிருந்துதான். 6 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக இசைவு கிடைக்கும். மரச்சட்டத்தில் நிறுத்தி, சன்னலோரம் வைத்துத் திருப்புங்கள். வளையத்தின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து இரைச்சல் அடங்கும். சாய்வாக இறங்கும் ஒலிபரப்போ அவ்வளவாகக் குறையாது. வீட்டு மின்கம்பிகள் முழுக்கப் பரவிவிட்ட இரைச்சலை மட்டும் இது முற்றாக நீக்காது.

கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை வானொலி ஒலிபரப்பை 2017-இல் நிறுத்தியபோது பலரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் நியூசிலாந்து வானொலி பசிபிக் தீவுகளுக்கு இன்றும் சிற்றலையில் ஒலிபரப்புகிறது. புயலில் இணையம் அறுந்தாலும் அது போய்ச் சேரும். எஞ்சியிருக்கும் ஒலிபரப்புகள் இரைச்சலில் அமுங்கிப்போக, "சிற்றலை செத்துவிட்டது" என்று வானொலியை மூடி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. செத்தது எதுவென்று முதலில் பார்க்க வேண்டாமா?

வளையத்தைத் திருப்பி, இரைச்சல் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். வாய் பார்க்கும் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நடந்து, ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் உங்கள் கட்டிலருகே செருகியிருக்கும் மலிவான சார்ஜராகத்தான் இருக்கும்.