நம்மைத் தெரிஞ்ச டாக்டர்

'ஃபேமிலி டாக்டர்'னு யாராவது சொன்னா எனக்குப் பழைய சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். கருப்புப் பெட்டியோட கார்ல வந்து இறங்குவார். நாடி பார்ப்பார். வெளிய வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எங்க பக்கத்துல அப்படி ஒருத்தர் எந்த வீட்டு வாசலுக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அதனால கிராமத்துக்காரனுக்குக் குடும்ப டாக்டர் கிடையாதுன்னு நினைச்சிராதீங்க. உண்டு. தென்காசியிலயோ, பாவூர்சத்திரத்துலயோ, சுரண்டையிலயோ, ஒரு மெடிக்கல் ஷாப்பை ஒட்டின ஒற்றை அறை. வெளிய ரெண்டு பெஞ்சு. டோக்கன் கொடுக்க ஒரு அக்கா. தாத்தாவுக்கு ஊசி போட்ட அதே டாக்டர்தான் பேரனுக்கும் போடுவார். ஃபைல் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நம்ம வீட்டு வியாதி எல்லாம் அவர் தலைக்குள்ள இருக்கும். யாருக்குப் பென்சிலின் ஒத்துக்காது, யாரு மாத்திரையை வாங்கி அலமாரியில வச்சுட்டு நாட்டு மருந்து சாப்பிடுவா, எந்த வீட்டுல மகன் பணம் அனுப்பலை, எல்லாம் அவருக்குத் தெரியும். உங்க சென்னையிலயும் அப்படி ஒருத்தர் இருந்தார், வியாசர்பாடியில. 2 ரூபாய்ல ஆரம்பிச்சு அஞ்சு ரூபாய் டாக்டர்னு பேர் வாங்கின திருவேங்கடம் அய்யா. 2020 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அவர் இறந்தப்போ பேப்பர்ல போட்டிருந்த கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க.

கொரோனா பற்றி இதுவரைக்கும் எழுதினதெல்லாம் ஆக்சிஜன், படுக்கை, தடுப்பூசி, சுடுகாடு இதைப் பற்றித்தான். எழுத வேண்டியதுதான், இல்லைங்கலை. ஆனா எங்க சனங்களுக்கு முதல்ல அடைபட்டது அந்த ஒற்றை அறைக் கதவு. அதைப் பற்றி யாரும் பேசலைங்கிறது என் குறை.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. நாலு மாசப் பச்சைப் பிள்ளையா இருக்கும்போதே கொரோனா வந்துட்டு. 2020 மார்ச் 24 சாயங்காலம் 144, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் கிடையாது, மினி பஸ்ஸும் கிடையாது. எங்க ஊர்ல இருந்து கிளினிக்குக்கு 11 கிலோமீட்டர். பைக்ல போனா வழியில போலீஸ் நிறுத்தி "டாக்டர் சீட்டு காட்டு"ம்பாங்க. எங்க டாக்டர் சீட்டு எழுதுறதே அபூர்வம். எழுதினாலும் அவர் கையெழுத்தை மெடிக்கல் ஷாப் தம்பியைத் தவிர வேற யாரும் வாசிக்க முடியாது. அப்படியும் போய்ச் சேர்ந்தா ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். 'காய்ச்சல், சளி, இருமல் உள்ளவர்கள் அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்'னு அட்டையில எழுதித் தொங்கவிட்டிருந்தாங்க. காய்ச்சலும் சளியும் இருமலும் இல்லாம எவன் டாக்டர்கிட்ட போவான்?

டாக்டரைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. அவருக்கு அறுபது தாண்டிட்டு, அவருக்கே சுகர். அறைக்கு ஒரு ஜன்னல், அதுவும் சுவரைப் பார்த்தது. ஏப்ரல் 19 அன்னைக்குச் சென்னையில நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவுல இறந்தார். அவரைப் புதைக்க விடாம ஒரு கூட்டம் கல்லையும் கட்டையையும் தூக்கிட்டு வந்ததும், கூட வேலை பார்த்த டாக்டரே ராத்திரியில மண்ணைத் தள்ளிப் புதைச்சதும் எல்லா டிவியிலயும் வந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு டாக்டர் வீட்டம்மா "இன்னைக்குக் கிளினிக் போகாதீய"ன்னு சொன்னா அதுல என்ன தப்பு? நவி மும்பையில ஒரு டாக்டர், கிளினிக்கைத் திறந்து வைக்கணும்னு மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பினதால திறந்து வச்சார், கொரோனா வந்து இறந்துட்டார். சுகாதாரப் பணியாளருக்குன்னு அறிவிச்ச 50 லட்சம் காப்பீட்டை அவர் மனைவி கேட்டப்போ, கொரோனா பணிக்குன்னு அரசு அவரைக் கேட்டு எடுக்கலைன்னு 2021ல பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிட்டு. திறந்தாலும் கேட்க நாதியில்லை, மூடினாலும் ஏச்சு. அதுதான் சின்ன டாக்டர்களோட நிலைமை.

இந்தப் பக்கம் சனங்க நிலைமை என்ன? காய்ச்சலை மறைக்க ஆரம்பிச்சாங்க. ஏப்ரல்ல புளியங்குடியில வரிசையா ஆட்களுக்கு வந்து, தெருவையே கம்பு கட்டி அடைச்சாங்க. அதைக் கேள்விப்பட்ட பிறகு எங்க ஊர்ல யாருக்கும் காய்ச்சலே இல்லை! வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டிருவான், தகரம் அடிச்சிருவான், பால்காரன் வரமாட்டான், வயல் வேலைக்கு யாரும் கூப்பிடமாட்டான். எந்த டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கொட்டினோமோ, அவர்கிட்டயே "காய்ச்சல் இல்லைய்யா, உடம்பு வலிதான்"னு பொய் சொன்னாங்க. நம்பிக்கையில ஓடின வண்டி அது. அச்சாணி கழண்டுட்டு.

கேரளா எல்லையில இன்னொரு கூத்து. செங்கோட்டை, புளியரை ஆட்கள் ரொம்ப காலமா புனலூர், கொல்லம், திருவனந்தபுரம்னு வைத்தியத்துக்குப் போறவங்க. புற்றுநோய்னா திருவனந்தபுரம் ஆர்சிசிதான் பல பேருக்கு. எல்லையை அடைச்சாச்சு. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல ஏத்தின என் கத்தரிக்காய் புளியரை வழியா அந்தப் பக்கம் போச்சு, அதுக்குப் பாஸ் உண்டு. மனுஷனுக்கு இ-பாஸ் வேணும்னா கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை இப்படிக் காரணம் காட்டணும். மாசாமாசம் போய் 'ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கீங்க'ன்னு கேட்டுட்டு வர்றது இதுல எதுலயும் சேராது.

ஆனா அந்த 'ஒண்ணுமில்லை'லதான் எல்லாமே இருக்கு. எங்க பெரியப்பா கதையைச் சொல்றேன். எழுபத்து மூணு வயசு, இருபது வருஷமா சுகர். ஆள் செருப்புப் போட்டு வயலுக்குப் போகமாட்டார், வரப்புல வழுக்கும்பார். அது டாக்டருக்குத் தெரியும். அதனால மாசத்துக்கு ஒரு தடவை போனா சுகர் ரிப்போர்ட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி "காலை நீட்டும் பெரியவரே"ம்பார். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விரல் இடுக்கை விரிச்சுப் பார்ப்பார். "முள்ளு குத்தினா உமக்குத் தெரியாது, நான்தான் பார்க்கணும்"னு ஏசுவார். ஊரடங்குல மாத்திரைக்குக் குறையில்லை. எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெண்டு மாசத்துக்குச் சேர்த்தே கொடுத்தாங்க, அதை நான் பாராட்டித்தான் சொல்லணும். மாத்திரை கிடைச்சது, காலைத்தான் யாரும் பார்க்கலை. ஜூன் மாசம் சாரல் தொடங்குன சமயம், பெரியம்மைதான் முதல்ல "என்னமோ வாடை அடிக்கி"ன்னாவ. பேத்தி காலை போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புச்சு. அஞ்சு நிமிஷத்துல போன் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "வாடை இருக்கா?" போட்டோவுல வாடை வராதுல்லா? இருக்குன்னதும், "இன்னைக்கே ஐகிரவுண்டுக்குக் கொண்டு போங்க"ன்னுட்டார். 55 கிலோமீட்டர், வாடகைக் கார்ல திருநெல்வேலி போனோம். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. கால் மிஞ்சினது.

மே மாசம் ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பார்த்திருந்தா அந்த ரெண்டு விரலும் இருந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். கொரோனா கணக்குல அந்த விரலை யாரும் எழுதமாட்டாங்க. இப்படி எத்தனை விரலோ, எத்தனை கண்ணோ.

போன்ல வைத்தியம் பார்க்கலாம்னு மத்திய அரசு விதி போட்டதே 2020 மார்ச் 25தான், ஊரடங்கு தொடங்கின அன்னைக்கு. அதுக்கு முன்னாடி போன்ல மாத்திரை சொல்ல டாக்டர்களுக்கே தயக்கம், கேஸ் ஆயிருமோன்னு. பிறகு இ-சஞ்சீவனி வந்தது, முகம் தெரியாத டாக்டர்கிட்ட வீடியோவுல பேசலாம். தமிழ்நாட்டுல நிறைய பேர் பயன்படுத்தினாங்க. நானும் ஒரு தடவை தோள்பட்டை வலிக்குப் பேசினேன். தங்கமான பொண்ணு, பொறுமையாத்தான் பேசுச்சு. ஆனா பேரு, வயசு, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு முதல்ல இருந்து கேட்டு முடிக்கும்போது சிக்னல் போயிட்டு. எங்க ஊர்ல மேலத்தெரு டேங்குக்கு அடியில நின்னாத்தான் நாலு புள்ளி வரும்.

தெரிஞ்ச டாக்டர் போன்ல பேசுறது வேற. 2021 மே மாசம், ரெண்டாவது அலை. 10ஆம் தேதியில இருந்து மறுபடி முழு ஊரடங்கு. எங்க அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரியோட அம்மைக்கு, மூணு நாளா காய்ச்சல். போன் பண்ணினேன். "போனை அவங்ககிட்ட கொடுங்க"ன்னார். அத்தையை ஒண்ணுல இருந்து எண்ணச் சொன்னார், மூச்சு விடாம. பதினொண்ணுல நின்னுட்டு. வீட்டுல இருந்த நாங்க சாதாரணமாத்தான் நினைச்சோம், வயசாளிதானேன்னு. அவர் சொன்னார், "உங்க அத்தை என் கிளினிக் வாசல்ல இருந்து பேசுனா உள்ள நான் பார்க்கிற பேஷண்ட் சொல்றது கேட்காது. அவங்க பதினொண்ணுல நிக்கிறதாவது? இப்பவே கிளம்புங்க." ஆக்சிஜன் அளக்குற கருவி அப்போ எங்க தெருவுல ஒண்ணு கூட கிடையாது. அவர் கையில இருந்தது அத்தையோட பழைய குரல்தான். முதல்ல போன தனியார் ஆஸ்பத்திரியில டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம உள்ள விடமாட்டோம்னு ரெண்டு மணி நேரம் வாசல்ல ஆட்டோவுக்குள்ளயே வச்சிட்டாங்க. பிறகு அரசு ஆஸ்பத்திரியிலதான் சேர்த்தோம். ஒன்பது நாள் ஆக்சிஜன் வச்சாங்க. அத்தை இப்பவும் இருக்காவ, குரலும் அப்படியே இருக்கு, அது என் பாடு.

என் கட்சி இதுதான். போன் வேலை செஞ்சதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க, ஆப் வருது, செயலி வருதுங்கிறாங்க. வேலை செஞ்சது போன் இல்லை. இருபது வருஷம் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்த பழக்கம். பழக்கத்தை போன் கொஞ்ச நாள் தாங்கிப் பிடிச்சது, அவ்வளவுதான். பழக்கம் இல்லாத இடத்துல போன் வெறும் போன்.

என் மச்சினன் மகன் இங்கிலாந்துல நர்ஸ். அங்க ஒவ்வொருத்தரும் ஒரு டாக்டர் கிட்ட பேர் பதிஞ்சு வச்சிருக்கணுமாம், ஜிபின்னு சொல்லுவாங்களாம். 2020 மார்ச்ல அங்கயும் நேர்ல வராதீங்க, முதல்ல போன்ல பேசுங்கன்னு மாத்திட்டாங்க. காலையில எட்டு மணிக்குப் போன் போட்டு வரிசையில காத்துக் கிடந்ததா அவன் சொன்னான். அதுல குறை ஆயிரம் இருக்கட்டும். இன்ன ஆளுக்கு இன்ன டாக்டர்னு எங்கயோ ஒரு இடத்துல எழுதி வச்சிருக்கு. எங்களுக்கு அது எங்க எழுதியிருக்கு? டாக்டர் தலைக்குள்ள மட்டும்தான். அவர் கண்ணை மூடினா எல்லாம் போச்சு.

நம்ம அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்லமாட்டேன். 2020 டிசம்பர்ல அம்மா மினி கிளினிக்னு 2000 இடத்துலன்னு அறிவிச்சுத் திறக்க ஆரம்பிச்சாங்க. டாக்டரை ஒரு வருஷ ஒப்பந்தத்துல எடுத்தாங்க. பேர் மனப்பாடம் ஆகுறதுக்குள்ள ஆட்சி மாறி, ஒப்பந்தம் முடிஞ்சு, கிளினிக்கும் போயிட்டு. யாரு ஆரம்பிச்சா, யாரு மூடினாங்கிற சண்டை எனக்கு வேண்டாம். ஒரு வருஷத்துக்குன்னு ஒரு டாக்டரை அனுப்பினா, அவர் எங்க பெரியப்பா செருப்புப் போடமாட்டார்னு எப்பக் கண்டுபிடிப்பார்? பிறகு 2021 ஆகஸ்ட் 5ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம். அது நல்ல திட்டம். மகளிர் குழுவுல இருந்து வர்ற பிள்ளை வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்குது, மாத்திரை கொடுக்குது. ஐ.நா. விருது கூட 2024ல கொடுத்தாங்க. எங்க தெருவுக்கு வர்ற பிள்ளைக்கு யாரு மாத்திரை முழுங்குறா, யாரு ஒளிச்சு வைக்கிறான்னு அத்துப்படி, ஏன்னா அதுவும் இந்த ஊர்ப் பிள்ளை. ஆனா அது கண்டுபிடிச்சதை யாரிடம் சொல்லும்? ஆரம்ப சுகாதார நிலையத்துல போன வருஷம் இருந்த டாக்டர் இந்த வருஷம் இல்லை.

எங்க டாக்டர் இப்ப சாயங்காலம் மட்டும்தான் வர்றார், அதுவும் ரெண்டு மணி நேரம். மகன் இதய டாக்டர், வெளியூர்ல பெரிய ஆஸ்பத்திரியில இருக்கார். அவர் இங்க வந்து அந்த ஒற்றை அறையில உட்காருவார்னு நான் எதிர்பார்க்கலை, எதிர்பார்க்குறது நியாயமும் இல்லை. அப்ப அரசு டாக்டரைத்தான் நம்பணும். சம்பளம் கூட்டுங்க, வீடு கொடுங்க, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாருங்க, என்ன செய்வீங்களோ, ஒரே இடத்துல அஞ்சாறு வருஷம் இருக்கிற மாதிரி செய்யுங்க. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஊர்ல இருக்கிற உங்க அப்பா அம்மா எந்த டாக்டர்கிட்ட போறாங்க, அவர் நம்பர் என்ன, என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு அடுத்த தடவை வரும்போது ஒரு தாள்ல எழுதி ஒரு காப்பி கையோட கொண்டு போங்க. நடுராத்திரி போன்ல கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, 'சிவப்பு மாத்திரை'ம்பாங்க.

எங்க சுகாதார நிலையத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. சின்ன வயசு, மதுரைப் பக்கம். போன மாசம் பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ரிப்போர்ட்டை நீட்டினேன். அதை ஓரமா வச்சுட்டு, "தாத்தா, முதல்ல காலைக் காட்டுங்க"ன்னுச்சு. பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். வெளிய வரும்போது நர்ஸம்மா சொன்னாவ, டாக்டரம்மா மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதியிருக்காவளாம், இடம் கிடைச்சிரும் போலன்னு.