அம்மன் கையில் என்ன இருந்தது? நம் ஆலயப் படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள்



கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்க. இது நிர்வாகத்தோட அறிவிப்பு இல்லை, ஒரு தொண்டனா என் சொந்தக் கருத்து.

திருப்பணி நடந்துக்கிட்டு இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். பாலாலயம் முடிஞ்சு, சிற்பிகள் விமானத்துல ஏறிட்டாங்க. போன மாசம் ஒரு நாள் காலையில ஸ்தபதி ஐயா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வடக்குப் பக்கத்து அம்மன் சுதையில மழைத்தண்ணி இறங்கி ரெண்டு கையும் உதிர்ந்து போச்சு. முன்னாடி கையில என்ன இருந்துச்சு? பழைய படம் இருந்தா கொடுங்க, அதே மாதிரி செஞ்சிடலாம்"னு கேட்டார்.

"அதுக்கென்னங்கய்யா, போன கும்பாபிஷேகத்துக்கு ஆயிரக்கணக்குல படம் எடுத்தோமே, சாயங்காலமே தர்றேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

சாயங்காலம் தரல. ஒரு வாரம் ஆகியும் தர முடியல.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி படம் எடுத்தது நம்ம இளைஞர் பகுதித் தம்பி ஒருத்தர். இரவு பகலா எடுத்தார். எல்லாத்தையும் ஓர் இலவசத் தளத்துல ஏத்தி வச்சார், ஆனா தன்னோட சொந்த மின்னஞ்சல்ல. இப்போ அவர் ஜொகூர் பக்கம் வேலை, குடும்பம்னு இருக்கார். கைப்பேசி எண் மூணு தடவை மாறிப்போச்சு, கடவுச்சொல் ஞாபகம் இல்லை. பழைய மடிக்கணினி எப்பவோ குப்பைக்குப் போயிடுச்சு. அவரைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. அவர் தன் வேலையைச் செஞ்சார். படத்தைக் கேட்டு வாங்கி வைக்காதது நாமதான்.

ஆலய முகநூல் பக்கத்துல தேடினேன். இருபது படம் இருந்துச்சு. கலசத்துக்குத் தீர்த்தம் ஊத்துறது, பிரமுகருக்கு மாலை போடுறது, பந்தி பரிமாறுறது. விமானம் தெரியிற படம் ஒண்ணுதான், அதையும் பெரிசு பண்ணிப் பார்த்தா புள்ளி புள்ளியா உடையுது.

கடைசியில உதவினது யார் தெரியுமா? வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போட வர்ற நம்ம ஆன்ட்டி ஒருத்தங்க. பிளாஸ்டிக் உறை போட்ட பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அதுல ஒரு 4ஆர் படம். இப்போ இல்லாத அவங்க வீட்டுக்காரர் வேட்டி சட்டையில நிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னாடி வடக்கு விமானம் தெளிவா தெரியுது. வலது கையில உடுக்கை, இடது கையில கபாலம். ஸ்தபதி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். வேலை நடந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஆயிரக்கணக்குல எடுத்த படம் காணோம், ஒரு ஆன்ட்டி வீட்டு அலமாரியில இருந்த ஒரே ஒரு அச்சுப் படம் காப்பாத்தியிருக்கு. நாம பகிர்ந்தோம், பாதுகாக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டோம்.

இதைச் சொன்னா சிலர், "எல்லாம் பேஸ்புக்ல இருக்கு லா, எதுக்கு இவ்வளவு கவலை?"ன்னு கேக்குறாங்க. இன்னும் சிலர், "கூகுள் ஒண்ணு போதும்"ங்கிறாங்க. ரெண்டுமே சரியில்லைன்னு நான் நினைக்கிறேன். எந்த ஒரு சேவையும் எல்லா வேலைக்கும் ஆகாது. மடப்பள்ளியில கரண்டி இருக்கு, தூக்கு இருக்கு, அண்டா இருக்கு. அண்டாவை வச்சுப் பரிமாற முடியுமா?

முதல்ல புலனம். கையில இருக்கிற கைப்பேசியிலேயே உடனே அனுப்பலாம், பாட்டிமார் வரைக்கும் போய்ச் சேரும். "இன்னைக்கு அலங்காரம்"னு காலையில ஒரு படம் அனுப்ப இதைவிட நல்லது இல்லை. ஆனா சாதாரணமா அனுப்பினால் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், எடுத்த தேதி நேர விவரமும் உதிர்ந்துவிடும். அசல் வேண்டுமென்றால் படத்தை 'ஆவணம்' என்ற வழியாக அனுப்ப வேண்டும். இது பரிமாறும் கரண்டி, அவ்வளவுதான்.

அடுத்து முகநூல். ஊருக்குச் சொல்வதற்கு இதுதான். ஒரு திருவிழாவுக்கு நல்லதா பதினைந்து, இருபது படம் போதும். இருநூறு படத்தைக் கொட்டினால் யாரும் பார்ப்பதில்லை. இங்கேயும் படம் சுருங்கும். அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு குறிப்பிட்ட படத்தைத் தேடிப் பாருங்க, அப்போ தெரியும்.

மூணாவது கூகுள் போட்டோஸ். இதோட பலம் சேகரிப்பது. ஒரு பகிர்வு ஆல்பம் திறந்து, அந்த இணைப்பைக் கியூஆர் குறியீடா அச்சடிச்சு அன்னதான மண்டபத்துல ஒட்டினா, கூகுள் கணக்கு உள்ள எல்லாரும் தாங்கள் எடுத்ததை அதிலே சேர்க்கலாம். தேர் ஒரு முனையில திரும்பும்போது நம்ம படப்பிடிப்பாளர் இன்னொரு முனையில இருப்பார். பக்தர்கள் அம்பது பேர் எடுத்தது ஒரே இடத்துல சேரும்.

ஆனா மூணு விஷயம் கவனிக்கணும். ஒன்று, இலவசம் 15 ஜிபி மட்டும்தான். அதையும் மின்னஞ்சலும் டிரைவும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு படம் 5 எம்பி என்று வைத்தால் ஏறக்குறைய 3,000 படம். ஒரு கும்பாபிஷேகத்துக்கே காணாது. இரண்டு, மற்றவர்கள் சேர்த்த படம் அவர்கள் கணக்கில்தான் இருக்கும். அவர்கள் அழித்தால் நம் ஆல்பத்திலிருந்தும் போய்விடும். அதனால் விழா முடிந்த வாரமே யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவிறக்கி வைக்க வேண்டும். மூன்று, இணைப்பு கையில் இருக்கிற யாரும் பார்க்கலாம். வேலை முடிந்ததும் அந்த இணைப்பை மூடிவிட வேண்டும்.

நாலாவது பிளிக்கர். நம்மில் பலர் மறந்துபோன ஒன்று. தலைப்பு, தேதி, விளக்கம், குறிச்சொல் எல்லாம் போட்டு ஒழுங்காக அடுக்கி வைக்கலாம். இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் எல்லை. ஆனால் வருஷத்துக்கு நல்ல படமாக 100 மட்டும் தேர்ந்தெடுத்தால் பத்து வருஷத்துக்கு வரும். அது நம் ஆலயத்தின் காட்சிக்கூடமாக இருக்கட்டும்.

கடைசியா, எல்லாத்துக்கும் மேல, ரெண்டு ஹார்ட்டிஸ்க். ஒன்று ஆலய அலுவலகத்தில், இன்னொன்று ஒரு செயலவை உறுப்பினர் வீட்டில். அசல் படம் அத்தனையும் வருஷவாரியாக, விழாவாரியாக இரண்டிலும் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பரிமாறுவதற்கு, இதுதான் சேமிப்பு.

ஏன் இணையத்தை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன்? இணையத்தின் வரலாறே அதைத்தான் சொல்கிறது. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. பிகாசா வெப் ஆல்பம் 2016-இல் போனது. போட்டோபக்கெட் 2017-இல், தன்னிடம் உள்ள படத்தை வேறு தளத்தில் காட்ட வருஷம் 399 அமெரிக்க டாலர் கேட்டது. பிளிக்கர் முன்பு 1,000 ஜிபி இலவசமாகக் கொடுத்தது, 2019-இல் அதை 1,000 படமாகக் குறைத்தது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் தேதியோடு அளவில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியது. இரண்டு வருஷம் யாரும் தொடாத தனியார் கணக்கை அழிக்கலாம் என்பதும் இப்போது அதன் விதி. அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்கள் வியாபாரம். நம்ம கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அந்தப் பன்னிரண்டு வருஷத்துல இலவசத் திட்டம் எத்தனை தடவை மாறும்னு யாருக்குத் தெரியும்?

இதைவிட முக்கியமான ஒண்ணு சொல்றேன். புது நிர்வாகம் வரும்போது நகைப்பெட்டிச் சாவியை, வங்கிக் கணக்கை, ரசீதுப் புத்தகத்தை எண்ணிப் பார்த்து ஒப்படைக்கிறோம். கடவுச்சொல்லை யாராவது ஒப்படைக்கிறோமா? இனிமேல் ஒப்படைக்கணும். எல்லாக் கணக்கும் ஆலயத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மீட்பு எண் ஆலயத்தின் எண்ணாக இருக்க வேண்டும். கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதையும் ஒரு சொத்தாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. எல்லாப் படமும் எல்லாருக்கும் இல்லை. போன ஆடித் திருவிழாவுக்குப் பிறகு ஒரு அம்மா என்னிடம் தனியா வந்து, "என் மக பால்குடம் எடுத்து நனைஞ்சு நிக்கிற படத்தை எடுத்துடுங்க தம்பி"ன்னு கேட்டாங்க. உடனே எடுத்தோம். ஆனா அதுக்குள்ள எத்தனை கைப்பேசிக்குப் போச்சோ. அருள் வந்து ஆடுறவங்க, நனைஞ்ச சேலையில நிக்கிற பெண்கள், சின்னப் பிள்ளைகள், இவங்க படத்தையெல்லாம் ரெண்டு பேர் பார்த்து முடிவு செய்யாம பொதுவுல போடக்கூடாது. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பெண்ணா இருக்கணும். கருவறையைப் படம் எடுக்கிறது பத்திக் குருக்கள் சொல்றதே முடிவு.

பத்துமலையை நினைச்சுப் பாருங்க. 272 படிக்கும் வண்ணம் பூசினது 2018-ல. இப்போ ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகிட்ட "முன்னாடி இந்தப் படியில வண்ணம் கிடையாது"ன்னு சொன்னா நம்பாது. படத்தைக் காட்டினாதான் நம்பும். பத்துமலையைப் படம் எடுக்க உலகமே வருது. நம்ம தாமான் கோயிலை நாம எடுத்தாதான் உண்டு, நாம வச்சிருந்தாதான் இருக்கும்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு அலமாரியில, பழைய ஆல்பத்துல, பழைய பென்டிரைவ்ல நம்ம ஆலயப் படம் எது இருந்தாலும் கொண்டு வாங்க. தோட்டத்துக் கோயிலா இருந்த காலத்துப் படம்னா இன்னும் விசேஷம். வாங்கி, நகல் எடுத்து, அன்னைக்கே திருப்பித் தர்றோம். பின்னாடி யார், எந்த வருஷம், என்ன விழான்னு ரெண்டு வரி சொல்லிட்டுப் போங்க. ஹார்ட்டிஸ்க் வாங்குறதை ஒரு உபயமா ஏத்துக்க யாராவது முன்வந்தா ரொம்ப நல்லது. மாலை ஒரு நாள்ல வாடிடும், இந்த உபயம் அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் பேசும்.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு ஸ்தபதி வந்து வேற ஒரு தொண்டன்கிட்ட இதே கேள்வியைக் கேப்பார். அந்தத் தம்பி அன்னைக்குச் சாயங்காலமே படத்தைக் கொடுக்கணும்.

தாய் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலயத் தொண்டன்