கூடைப்பந்தும் குருதட்சணையும்

பள்ளிக்கூடப் பாடத்திற்குத் தனி வாத்தியார் வைத்துக் கொள்ளுவது போதாதென்று, இப்போது பந்து விளையாட்டிற்கும் தனி வாத்தியார் வைத்துக் கொள்ளும் காலம் வந்திருக்கின்றது. சென்னை, கோயமுத்தூர் போன்ற பெரிய பட்டணங்களில் மாத்திரமல்லாமல் சிறு பட்டணங்களிலுங்கூட, கூடைப்பந்து கற்றுக் கொடுப்பதற்கென்றே அக்காடமி என்றும், பிரத்தியேகக் கோச்சிங் என்றும் போர்டுகள் தொங்குகின்றன. மாதா மாதம் ஆயிரக்கணக்கில் ரூபாய் கட்டித் தகப்பன்மார்கள் தங்கள் பிள்ளைகளை மாலை வேளையில் கொண்டு வந்து விட்டுவிட்டு, ஆட்டம் முடிகிற வரையில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் தோழர்களில் சிலர், "இது பணக்காரர் வீட்டு வேடிக்கை, நமக்கேன் இந்தக் கவலை?" என்று கேட்கக்கூடும். இந்த வேடிக்கையிலிருந்துதான் நாளைக்குத் "தகுதி", "திறமை" என்கின்ற பேச்சு கிளம்பப் போகின்றது. ஆதலால்தான் இதை எழுதுகிறோம்.

முதலாவது, விளையாட்டுச் சாமர்த்தியம் பிறவியிலே வரவேண்டும், ரத்தத்திலே ஊற வேண்டும், ஆண்டவன் கொடுக்க வேண்டும் என்று சொல்லுகிறவர்களைப் பற்றிச் சிறிது பார்ப்போம். மற்ற விளையாட்டுகள் பலவற்றிற்காவது யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று தெரியாததால், ஏதாவது ஒரு ரிஷியின் பேரால் புராணம் கட்டி விடலாம். கூடைப்பந்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 1891ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி வாத்தியாராகிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே போய் ஆட முடியாத மாணவர்களுக்காகக் கூடத்திற்குள்ளேயே இரண்டு பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதி வைத்தார். அவ்வளவுதான் இதன் ஸ்தல புராணம்! ஆகவே 1891க்கு முன் உலகத்தில் எவனுடைய ரத்தத்திலும் கூடைப்பந்து ஓடியிருக்க முடியாது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தவர். அங்கே கற்றவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு டிரில் மாஸ்டர்களாய்ப் போனார்கள். அதாவது இந்த வித்தை கற்றவனிடமிருந்து கற்காதவனுக்கு வந்ததே யொழிய, தகப்பன் உடம்பிலிருந்து மகன் உடம்புக்கு இறங்கியதல்ல.

அப்படியிருந்தும் இதற்கும் ஜாதி கற்பிக்காமல் விட்டார்களா என்றால், இல்லை. 1930களில் அமெரிக்கப் பட்டணங்களில் யூதப் பிள்ளைகள் இவ்வாட்டத்தில் முன்னணியில் இருந்தார்கள். உடனே பால் காலிகோ என்கின்ற பேர்போன பத்திரிகைக்காரர், யூதருடைய தந்திர புத்திக்கு இவ்விளையாட்டு இயற்கையாகவே பொருந்தியது என்று எழுதி வைத்தார். கறுப்பு மக்களையோ, என்.பி.ஏ. என்னும் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தில் 1950ம் வருஷம் வரையில் ஆடவே விடவில்லை. அவ்வருஷத்தில்தான் ஏர்ல் லாயிட் என்பவர் முதன்முதலில் களத்தில் இறங்கினார். இப்போது அதில் ஆடுகிறவர்களில் மிகுதியானவர்கள் கறுப்பர்களே. இதைக் கண்டவுடன், "கறுப்பனுக்குப் பிறவியிலேயே துள்ளும் கால்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நெருக்கமான தெருக்களில் வசித்து, ஒரு பந்தும் ஒரு வளையமும் மாத்திரமே கிடைத்த கூட்டம், அதையே பொழுதெல்லாம் ஆடி முன்னுக்கு வந்தது என்கின்ற சாதாரண விஷயம் அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. அல்லது எட்டினாலும் ஒப்புக்கொள்ளப் பிரியமில்லை. "உயரம் பிறவியில் வருவதுதானே?" என்பார்கள். உயரம் உதவி செய்யும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 5 அடி 3 அங்குலமே உள்ள மக்ஸி போக்ஸ் என்பவர் 1987 முதல் 2001 வரையில் அதே என்.பி.ஏ.வில் 14 பருவங்கள் ஆடியிருக்கிறார்.

அப்படியானால் திறமை எங்கிருந்து வருகின்றது? காரணத்தோடு சொல்லிக் கொடுப்பதிலிருந்தும், அதைச் சலிக்காமல் செய்வதிலிருந்தும் வருகின்றது. உதாரணமாக, வளையத்தின் குறுக்களவு 45 செண்டிமீட்டர். பெரியவர்கள் ஆடும் பந்தின் குறுக்களவு சுமார் 24 செண்டிமீட்டர். பந்து நேர் மேலிருந்து விழுந்தால் 45 செண்டிமீட்டர் வாயும் அதற்குத் திறந்திருக்கும். 45 பாகைச் சரிவில் வந்தால் சுமார் 32 செண்டிமீட்டர்தான் திறந்திருப்பதாக ஆகும். 30 பாகையில் தட்டையாய் வந்தாலோ 22½ தான். 24 செண்டிமீட்டர் பந்து 22½ செண்டிமீட்டர் வழியில் இடிக்காமல் எப்படி நுழையும்? இதை மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினால் எந்தப் பையனுக்கும் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். பிறகு அவனே பந்தை வளைத்து உயர்த்தி எறிவான். காரணம் சொல்லாமல் "உயரப் போடுடா" என்று அதட்டினால், வாத்தியார் பார்க்கிற வரையில் உயரப் போடுவான். அவர் அந்தண்டை போனதும் பழைய குருடிதான். சிறு பிள்ளைகளுக்கென்று சிறிய பந்தும், 2.60 மீட்டர் உயரத்தில் வளையமும் ஏற்பட்டிருக்கின்றன. 8 வயதுப் பிள்ளையின் கையில் பெரியவர்கள் பந்தைக் கொடுத்து 10 அடி வளையத்தில் போடச் சொன்னால், அது இடுப்பிலிருந்து முறுக்கி வீசத்தான் பழகும். அந்தக் கோணல் பிறகு லேசில் போகாது.

தனிப் பயிற்சியே தப்பு என்று நாம் சொல்லவில்லை என்பதற்கு ஒரு அத்தாட்சி காட்டுவோம். ஜெர்மனி தேசத்தில் டிர்க் நோவிட்ஸ்கி என்கின்ற பையனை, ஹோல்கர் கெஷ்விண்ட்னர் என்பவர் தனியாகப் பயிற்றுவித்தார். இவர் 1972ம் வருஷ ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனிக்காக ஆடினவர். கணிதமும் பௌதிகமும் படித்தவர். பையனுடைய உயரம், கையின் நீளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, பந்து எந்த வளைவில் போனால் சிறு பிழை நேர்ந்தாலும் உள்ளே விழும் என்று கண்டுபிடித்துக் கற்றுக் கொடுத்தார். பந்தோடு நிறுத்தாமல் புஸ்தகம் படிக்கவும் வாத்தியம் வாசிக்கவும் தூண்டினார். இதற்குக் கூலி வாங்கவுமில்லை. அந்தப் பையன் 1998ல் என்.பி.ஏ.வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2007ல் அங்கே வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரராகி, 2011ல் தன் குழுவுக்கு வெற்றிப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார்.

இதற்கு எதிரிடையாக, காரணம் தெரிந்தும் வெட்கத்திற்குப் பயந்து கெட்டவர்களும் அமெரிக்காவிலேயே உண்டு. வில்ட் சேம்பர்லின் என்கின்ற ராக்ஷச ஆட்டக்காரர் 1962ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்றைக்கு, எதிரி செய்த தப்பிற்காகக் கிடைக்கும் தனி எறிகள் 32ல் 28 போட்டார். எப்படிப் போட்டார்? பந்தை இரண்டு கையாலும் கீழேயிருந்து தூக்கி எறிந்து போட்டார். ஆனால் அப்படி எறிவது பெண்பிள்ளைத்தனமாயிருக்கிறதென்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டு, அதை விட்டுவிட்டார். பிறகு ஒரு பருவத்தில் நூற்றுக்கு 38தான் உள்ளே போயிற்று! அதே மாதிரிக் கீழேயிருந்து எறிந்து நூற்றுக்குச் சுமார் 90 போட்ட ரிக் பாரி என்பவரைப் பார்த்த பிறகும் மற்றவர்கள் அதைப் பின்பற்றவில்லை. "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்கின்ற வியாதி நம் ஊர்க் கலியாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் மாத்திரந்தான் இருக்கிறதென்று நினைத்துக் கொண்டிருந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிற்க. நம் நாட்டுப் பயிற்சியைப் பார்ப்போம். யோக்கியமாய்ச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் தாங்களே கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள். ஆனால் ஆயுத பூஜைக்குப் பந்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதும், போட்டிக்கு முன் கம்பத்தடியில் தேங்காய் உடைப்பதும், கேள்வி கேட்ட பிள்ளையை "குருவையே எதிர்த்துப் பேசுகிறாயா?" என்று மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பதும் இல்லாமலில்லை. நெய்ஸ்மித் எழுதின 13 விதிகளில் காலில் விழுவதைப்பற்றி ஒரு வார்த்தையும் காணோம். இந்தக் குரு சிஷ்யப் பித்து எங்கிருந்து வந்ததென்பதைச் சர்க்காரே காட்டுகின்றது. விளையாட்டுக்காரருக்கு 1961 முதல் அர்ஜுனன் பேராலும், பயிற்சியாளருக்கு 1985 முதல் துரோணாச்சாரி பேராலும் இந்திய சர்க்கார் விருது கொடுத்து வருகிறது. துரோணாச்சாரி செய்த பயிற்சி என்ன? அரண்மனைப் பிள்ளைகளுக்குப் பிரத்தியேகக் கோச்சிங் நடத்தினார். வேடன் மகன் ஏகலைவன் வந்து கேட்டபோது ஜாதியைப் பார்த்துத் துரத்தினார். அவன் மண்ணால் பொம்மை செய்து வைத்துக் கொண்டு தானாகவே கற்றுத் தேறியபின், சொல்லிக் கொடுக்காத பாடத்திற்கு வலது கைக் கட்டை விரலைத் தட்சணையாய் வாங்கிக் கொண்டார். கதை பொய்யாகவே இருக்கட்டும். அந்தப் பேரைத் தேடி எடுத்து வாத்தியாருக்குப் பட்டமாகச் சூட்டியிருப்பது நிஜந்தானே? கெஷ்விண்ட்னரையும் துரோணரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, எந்த மாதிரி மனிதர் தங்கள் பிள்ளைக்கு வேண்டுமென்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

இனி விஷயத்தின் முக்கியத்துக்கு வருவோம். விளையாட்டு விடுதிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலேஜிலும் உத்தியோகத்திலும் விளையாட்டுக்காரர்களுக்கென்று இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். இவையெல்லாம் நல்ல ஏற்பாடே. ஆனால் தேர்வு நாளன்று என்ன நடக்கிறது? ஐந்து வருஷம் தனி வாத்தியாரிடம் கற்ற பிள்ளையும், பள்ளிக்கூட மைதானத்தில் மட்டைப் பலகை உடைந்த கம்பத்தில் தானாகவே ஆடிப் பழகிய பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னவன் இடது கையாலும் வலது கையாலும் பந்தைத் தட்டிக் கொண்டு போகிறான். பின்னவனுக்கு அப்படிச் செய்ய வேண்டுமென்று சொன்னவர்களே இல்லை. உடனே ஒருவனைத் "திறமைசாலி" என்றும், மற்றவனை "போதாது" என்றும் எழுதி விடுகிறார்கள். 1928ல் வகுப்புவாரி உத்தரவு அமுலுக்கு வந்தபோதும், "தகுதி போச்சு, திறமை போச்சு" என்று கூப்பாடு போட்டவர்கள் இதே கணக்கைத்தான் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாய்ப் படிப்பை ஒரு கூட்டமே வைத்துக் கொண்டு, படிக்க விடாதவனைப் பார்த்து "உனக்குப் படிப்பு வராது" என்றார்கள். இன்று டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையில் கோச்சிங் கம்பெனிகள் செய்வதும் அதுவே. பந்திலும் அந்தக் கதை நடக்க நாம் இடம் கொடுப்பதா?

கற்றுக் கொடுத்தால் கிராமத்துப் பிள்ளைக்கும் வரும் என்பதற்குப் பஞ்சாபைப் பாருங்கள். பல்லோ கே என்கின்ற கிராமத்து விவசாயியின் மகன் சத்னாம் சிங், லூதியானா பயிற்சிக் கூடத்தில் கற்று, 2010ல் உபகாரச் சம்பளத்தின் பேரில் அமெரிக்கா போய், 2015ல் என்.பி.ஏ. குழு ஒன்றினால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்தவர்களில் அவர்தான் அதற்கு முதல்வர். அவருக்கு உயரம் இருந்தது வாஸ்தவம். கற்றுக் கொடுக்க ஆளில்லாதிருந்தால் அந்த உயரம் வைக்கோற்போர் போடத்தான் உதவியிருக்கும்.

ஆகையால் நாம் கேட்பது, பொது ஜனங்களின் வரிப்பணத்தில் போட்ட மைதானத்தை மாலை வேளையில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்துகிறவர்கள், பணம் கொடுக்க முடியாத பிள்ளைகளிலும் ஒரு பகுதியைச் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பதே. முனிசிபாலிட்டியார் வாடகை ரசீது கிழிக்கும்போதே இந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதலாம். நமக்குத் தெரிந்த ஒரு ஊரில், பணம் கட்டின பிள்ளைகள் வந்தவுடன் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லி, கம்பி வேலிக்கு வெளியே நிறுத்தியிருப்பதைப் பார்த்தோம். கோவிலுக்கு வெளியே நிறுத்தினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12, 13 வயது வரையில் பந்து தட்டின பெண்ணை, "பெரிய மனுஷியாகி விட்டாள்" என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையை மாத்திரம் கோச்சிங்குக்கு அனுப்புகிற தகப்பன்மார்கள் நம் இயக்கத்திலும் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் குழுவுக்கே தலைவியாயிருந்து, 2021ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றதை அவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தால் ஆடியிருக்க முடியுமா?

சங்கங்கள் வைத்திருக்கும் தோழர்கள் மகாநாட்டுப் பந்தலுக்குச் செய்கிற செலவில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம். உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒரு வாலிபரையோ பெண்ணையோ சந்தா போட்டுச் சம்பளத்திற்கு அமர்த்தலாம். அவரை அமர்த்துமுன், பந்தை ஏன் வளைத்துப் போட வேண்டுமென்று ஒரு சிறு பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லி, அவர் கோபித்துக் கொள்ளுகிறாரா, கோடு கிழித்துக் காட்டுகிறாரா என்று பார்த்துக் கொள்ளவும். வளையத்திற்குப் பட்டணம் போக வேண்டியதில்லை. கொல்லன் பட்டறையில் 45 செண்டிமீட்டரில் இரண்டு அடித்து வாங்கி, ஒன்றைப் பெரியவர்களுக்கு 10 அடியிலும், ஒன்றைச் சிறுவர்களுக்கு 2.60 மீட்டரிலும் மாட்டினால் மறுநாள் மாலையே ஆரம்பித்து விடலாம்.