இளவரசன் நம் ஊருக்கும் வந்தான்



தொண்ணூறுகளில் விருத்தாசலம் பக்கம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் வந்தவர்களை மனத்தில் வைத்து இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் என்று பாடம் நடத்திவிட்டு சார் டீ குடிக்கப் போவார். அந்த இடைவெளியில் கறுப்புத் திரையில் 'பிரின்ஸ்' என்று அடித்து எண்டர் தட்டியவர்கள் நீங்கள். பக்கத்து சீட்டுக்காரர் காதோடு சொன்ன 'மெகாஹிட்' என்ற சொல்லையும் சேர்த்து அடித்தால் உயிரைக் கூட்டிக்கொள்ளலாம், நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம். எங்கிருந்தோ கிளம்பி வாய்மொழியாகவே நம் ஊர் வரை வந்து சேர்ந்த சொல் அது.

நம் வாசகர் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆர்வமாக எழுதுகிறவர். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற அந்தக் கணினி விளையாட்டின் வரிசை முழுவதையும் தமிழில் பதிய வேண்டும் என்று இறங்கியிருக்கிறார். "அமெரிக்காவில் நடந்ததற்கெல்லாம் ஆதாரம் கிடைக்கிறது. நம் ஊரில் எப்படி விளையாடினோம் என்று ஒரு வரி எழுதலாம் என்றால், காட்ட எதுவுமே இல்லையே" என்று கேட்டார். கேள்வி என்னை விடவில்லை.

அமெரிக்கக் கதைக்கு எப்படி இத்தனை ஆதாரம் வந்தது? அந்த விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் எழுதி வைத்தார், அதுதான் காரணம். கல்லூரி முடித்த கையோடு 1985-இல் தம்பி டேவிட்டை ஒரு வண்டி நிறுத்தும் திடலில் ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்தப் படத்தை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, புகைப்படமாக்கி, உருவத்தின் ஓரங்களை மையால் தீட்டி, கணினிக்குள் ஏற்றினார். இளவரசன் விளிம்பைப் பற்றித் தொங்கும்போது ஒரு நிஜ மனிதனின் கனம் தெரிகிறதே, அது இப்படி வந்தது. 1989-இல் ஆப்பிள் 2 என்ற வீட்டுக் கணினிக்கு விளையாட்டு வெளியானது. நாம் பார்த்தது அடுத்த ஆண்டு வந்த டாஸ் பதிப்பு.

விளையாட்டில் வரும் நிழல் மனிதனை மறந்திருக்க மாட்டீர்கள். புது எதிரி ஒருவனை வரைய நினைவகத்தில் இடமே மிச்சமில்லை. 'சண்டை வேண்டும், சண்டை வேண்டும்' என்று மெக்னருடன் இருந்த டோமி பியர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி, அதன் மேலேயே வைத்துப் பார்த்தால் மின்னும் ஓர் உருவம் கிடைக்கும் என்று தெரிந்தது. நிழல் பிறந்தான். பன்னிரண்டாம் நிலையில் அவனை வெட்டினால் நமக்கே வலிக்கும். வாளை உறையில் போட்டால் அவன் நம்மோடு ஒன்றாகிவிடுவான். இருந்த தட்டுப்பாட்டிலிருந்தே இப்படியொரு கற்பனை முளைத்ததை எப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

இதெல்லாம் நமக்குத் தெரிய வந்தது, 1985 முதல் 1993 வரையிலான தன் நாட்குறிப்புகளை மெக்னர் பின்னாளில் புத்தகமாகவே போட்டதால்தான். விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோனது என்றுதான் அவரே நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா பிரான்சிஸ் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டி பிளாப்பிகளைக் கண்டெடுத்தார். அந்த விளையாட்டுக்கு இசையமைத்தவரும் இதே அப்பாதான். பழங்கணினி தெரிந்த ஆர்வலர்கள் கூடிப் பொறுமையாக அவற்றைப் படித்தெடுத்தார்கள். நிரல் இன்று இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. நம் செராமிக் பட்டறைக்காரர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். பொம்மை உடைந்தாலும் மோல்டு பத்திரமாக இருந்தால் போதும்.

1993-இல் இரண்டாம் பாகம், 1999-இல் முப்பரிமாணப் பதிப்பு, யூபிசாஃப்ட் கைக்குப் போய் 2003-இல் புது வடிவம், 2024-இல் 'த லாஸ்ட் கிரவுன்' என்று வரிசை நீள்கிறது. அதையெல்லாம் நம் வாசகர் பார்த்துக்கொள்வார்.

நம் பங்கு எங்கே விடுபட்டது என்று பாருங்கள். நம் ஊரில் இந்த விளையாட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் அபூர்வம். பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்குப் பிரதி எடுத்தே பரவியது. பில் இல்லை, விற்பனைக் கணக்கிலும் நாம் இல்லை. கையேடும் கூடவே வரவில்லை. முதல் நிலை முடிந்ததும் கையேட்டில் இருக்கும் ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து, அந்த எழுத்துள்ள குப்பியைக் குடிக்கச் சொல்லும். கையேட்டையே பார்க்காத பிள்ளைகள் குத்துமதிப்பாகக் குடித்துச் செத்து, மறுபடி முயன்று தாண்டினார்கள். எட்டாம் நிலையில் கதவு மூடிக்கொண்டால் பதறாமல் காத்திரு, இளவரசி அனுப்பும் எலி வந்து திறக்கும் என்பதையும் யாரோ ஒரு அண்ணனோ அக்காவோதான் சொல்லியிருப்பார்கள். இதையெல்லாம் நம் ஊரில் யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. "எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்" என்பது அங்கே செல்லாது. வேறெங்காவது முறையாக வெளியாகியிருந்தால்தான் மேற்கோள் காட்ட முடியும். நல்ல விதிதான், அதனால்தான் அந்தக் களஞ்சியத்தை நம்ப முடிகிறது. எழுதிப் பதிவதும் நமக்குப் புதிதல்ல. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கண்ட மொழி நம்முடையது. நமக்கு மிக அருகில், மணக்கொல்லை எழுத்தாளர் கண்மணி குணசேகரன் போக்குவரத்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தொகுத்தார். இந்த மண்ணின் பேச்சை இந்த மண்ணின் ஆளே உட்கார்ந்து எழுதினார். விளையாட்டு எம்மாத்திரம் என்று யாராவது கேட்டால், தேவநேயப் பாவாணரே தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார் என்று சொல்லுங்கள்.

ஆகவே ஒரு வேலையில் இறங்குவோம். நீங்கள் எழுதுங்கள், நாங்கள் சரிபார்த்து அச்சிடுகிறோம். எந்த ஊர், எந்த ஆண்டு, கறுப்பு வெள்ளைத் திரையா கலரா, ஒரு மணிக்கு எவ்வளவு கட்டணம், யார் கொண்டுவந்த பிளாப்பி, விளையாட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று விவரமாக வேண்டும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "பத்தாவது படித்தபோது" என்று எழுதினால் போதும், நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம். பெண் வாசகர்கள் அவசியம் எழுத வேண்டும். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு அப்படியே கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்த அக்காமார்கள் எத்தனையோ பேர், அவர்களுடைய நினைவு ஆண்களுடையதிலிருந்து வேறாகத்தான் இருக்கும். சென்டர் நடத்தியவர்களிடம் பழைய ரசீதுப் புத்தகமோ நோட்டீஸோ இருந்தால் இன்னும் நல்லது.

படம் அனுப்புகிறவர்கள் தாங்களே எடுத்த படத்தை மட்டும் அனுப்புங்கள். விளையாட்டின் திரைக்காட்சிகளும் அட்டைப்படமும் நிறுவனத்துக்கு உரிமையானவை. பிளாப்பியைத் தபாலில் அனுப்ப வேண்டாம், லேபிளைப் படம் எடுத்தால் போதும். பூஞ்சணம் பூத்திருந்தால் டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள். டிரைவும் கெடும், உள்ளே இருப்பதும் போய்விடும். அப்படியே உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்