வீரபாண்டி மக்களுக்கு: தானியம் போடுங்கள், குருவி வாங்காதீர்கள்



சென்ற வாரம் ஆற்றங்கரை வயலோரம் வலை கட்டிச் சில்லைகளைப் பிடித்துப் போனதை நம்மில் பலர் பார்த்தோம். கேட்டதற்கு, "நெல்லுக்குருவிதானே, என்ன போச்சு?" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற நம்மூர்க்காரர்களே "ஜோடி என்ன விலை?" என்று விசாரித்ததுதான் அதைவிடக் கொடுமை.

மார்கழி, தை இந்தக் குருவிகளுக்குப் பஞ்ச காலம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. முதல் போகம் அறுத்தாயிற்று; இரண்டாம் போகம் இன்னும் பச்சைப் பயிர். முன்பு களத்தில் கதிரடித்துத் தூற்றினால் மணி சிதறிக் கிடக்கும். இப்போது இயந்திரம் அறுத்த நெல் நேராக வண்டி ஏறுகிறது. மிச்சமிருந்த வரப்புப் புல்விதையையும் களைக்கொல்லி கருக்கிவிட்டது. கொல்லையில் ஒரு பிடி தினையைக் கண்டால் கூட்டமாய் இறங்குவது பசியால்தான். வலைக்காரர் தூவுவதும் அதே தினைதான்.

பிடிபட்டவை எங்கே போகின்றன? புள்ளிச் சில்லையும் கருந்தலைச் சில்லையும் கூண்டுக்குப் போகின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்பது இந்தியச் சந்தைகளில் பழைய மோசடி. 15 கிராம் கூடத் தேறாத உயிர் இதை எத்தனை நாள் தாங்கும்? நம் நாட்டில் உள்ள 1,300க்கு மேற்பட்ட பறவை இனங்களில் ஏறத்தாழ 450 இனங்கள் இப்படி வியாபாரத்தில் சிக்கியிருப்பதாக வன உயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. அதில் அதிகம் அடிபடுபவற்றில் சில்லைகளும் உண்டு.

"கடையில் ஃபின்ச் விற்கிறார்களே" என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து கூண்டிலேயே பெருகிய அந்த வரிக்குருவி வேறு, நம் வயல் சில்லை வேறு. நம் நாட்டுப் பறவைகளை விற்பதற்கு 1990களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வலை போட்டுப் பிடிப்பதும் வேட்டையே. 3 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். "பிள்ளை ஆசைப்பட்டான்" என்ற சமாதானம் வழக்கில் எடுபடாது.

கதிர் பால் பிடிக்கும்போது சில்லைகள் வந்து கொறிப்பது உண்மைதான். விவசாயியின் வயிற்றெரிச்சல் எங்களுக்கும் தெரியும். தகரம் தட்டி விரட்டுங்கள். வலைக்காரரை மட்டும் வரப்பில் ஏற்றாதீர்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தினை, சாமை, கம்பு எது இருந்தாலும் ஒரு பிடி, காலையில் கொல்லையில் போடுங்கள். உப்பும் எண்ணெயும் சேர்ந்த பலகாரம் வேண்டாம். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், தினமும் மாற்றுங்கள். பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வையுங்கள். நம் பாட்டிமார் தாழ்வாரத்தில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டித் தொங்கவிட்டது அழகுக்காக மட்டுமா? இந்த வருடம் வீட்டுக்கு ஒன்று கட்டுவோம்.

வலையையோ கூண்டையோ கண்டால் உடனே வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழா வருகிறது. கடைகளுக்கு இடம் ஒதுக்குபவர்கள், பறவைக் கூண்டுக்கு இடமில்லை என்று இப்போதே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் கூண்டு வைத்திருக்கும் ஒவ்வொரு கடை முன்னாலும் நாங்கள் நிற்போம். புகார் எழுதிக் கொடுப்போம். வாங்க வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும் விடமாட்டோம்.

இப்படிக்கு,
வீரபாண்டி வட்டாரப் பறவை ஆர்வலர்கள்